பாகத்தில் சேராத கம்பி

விரல் முட்டியால்தான் அந்தப் பொத்தானை அழுத்துவார். விரல் நுனிகளில் எப்போதும் பிளாஸ்டர் மாவு வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த விரலால் அழுத்தி அழுத்தி முன்னொரு பொத்தான் உள்ளேயே போய் மாட்டிக்கொண்டு மானத்தை வாங்கியிருக்கிறது. அழுத்திவிட்டுக் குனிந்து காது கொடுப்பார். உள்ளே விசிறி இருமிக்கொண்டே சுற்றத் தொடங்கும். "ம், எழுந்துட்டான்" என்பார். பிறகு முந்தின நாள் வார்த்த தாடை அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணினிப் பெட்டியின் தலைமேல் வரிசையாகக் காய வைப்பார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் செய்து கொடுத்தவர், தன் பல்லைத் தேய்க்கப் போவது இதற்குப் பிறகுதான்.

தெருவில் அவருக்குப் பல்செட்காரர் என்று பெயர். பல் மருத்துவர் இல்லை. அந்த வித்தியாசத்தை அவரே முதலில் சொல்லிவிடுவார். "டாக்டர் பிடுங்குவார், நான் கட்டுவேன்" என்பார். மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பல்லாகப் பொறுக்கி வைத்து, கடைசியில் இளஞ்சிவப்பு ஈறோடு பளபளவென்று ஒரு சிரிப்பைச் சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசையில் பல், ஜன்னல் கட்டையில் பல், காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கும் பையில் பல். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் ஆடித்தான் போவார்கள். கை நடுக்கம் இன்னும் வரவில்லை. கண் மட்டும் கொஞ்சம் மங்கல். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை நெற்றியில் கட்டிக்கொண்டிருப்பார். அதைக் கழற்ற மறந்து அப்படியே கடைக்குப் போய், குழந்தைகளை அலற வைத்ததும் உண்டு.

அந்தக் கணினி காலையில் எழுந்தால், படுக்கப் போகும்வரை ஓடும். அதில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், அதிகமில்லை. மருத்துவர்கள் அனுப்பும் படங்களை ஒரு தடவை பார்ப்பார். வானொலிபோல ஏதாவது பழைய பாட்டை ஓட விடுவார். அவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் அது சும்மா ஓடும்.

"என்னங்க, அதை யாருக்காக இப்படி ஓட்டுறீங்க? கரண்டு என்ன சும்மாவா வருது?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார்.

"அச்சு காய வேணாமா? அந்தச் சூடு எங்க கிடைக்கும்?" என்பார் இவர்.

கேட்டீர்களா கதையை. வாசலில் ஊரை எரிக்கிற வெயில் அடிக்கிறது. அச்சு காயக் கணினியின் தலைச்சூடு வேண்டுமாம். அந்தம்மாவும் விவரம் தெரியாதவர் இல்லை. கேட்பதும் பதில் வாங்குவதும் ஒரு வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். உண்மைக் காரணம் கணினியின் முதுகில் இருந்தது. அங்கிருந்து சாம்பல் நிறக் கம்பி ஒன்று கிளம்பும். தரையோரமாகப் போய், மேசைக்காலைச் சுற்றி, சுவரில் இருக்கும் ஒரு துளைக்குள் நுழைந்து மறைந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. இணைய இணைப்பு இந்தக் கணினிக்குத்தான் வருகிறது. இதிலிருந்துதான் தம்பி வீட்டுக் கணினிக்குப் போகிறது. இது ஓடினால் அது ஓடும். இதை நிறுத்தினால் அங்கேயும் நின்றுவிடும்.

தம்பியோடு பேச்சுவார்த்தை நின்று வருடக் கணக்காகிறது. கம்பி மட்டும் நிற்கவில்லை.

முன்பு அது ஒரே வீடுதான். அப்பா உயிரோடிருக்கும்போதே இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கூடத்தின் நடுவே சுவர் எழுந்தது. மூலை வீடு என்பதால் அண்ணன் வாசல் பெரிய தெருவுக்கும் தம்பி வாசல் பின் தெருவுக்குமாகப் போயின. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. சுவர் எழும்பும்போது அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். பொறுமைசாலி. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "பயப்படாதீங்க, மெதுவா காலை எடுங்க" என்று ஒரே வாக்கியத்தை நாள் முழுக்கச் சொல்லியும் குரல் உயராத மனிதர்.

இணைப்பு வாங்குவது அப்போதெல்லாம் யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. அண்ணன் மகள் படிப்புக்கு வேண்டும் என்றாள். தம்பி மகன் தனக்கும் வேண்டும் என்றான். இரண்டு யானை எதற்கு, ஒரு யானையை இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து கட்டுவோம் என்று முடிவாயிற்று. கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்து பார்த்தார். "சுவர்ல ஒரு ஓட்டை போட்டுடுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஓட்டைதானே. அண்ணன் பல் குடைகிற தன் கருவியைக் கொண்டு ஆரம்பித்தார். அது முதல் செங்கல்லிலேயே முனை முறிந்து விழுந்தது. தம்பி கடப்பாரையோடு வந்தார். சீக்கிரம் முடியட்டும் என்று ஆளுக்கொரு பக்கமாகக் குடைவது என்று ஏற்பாடு. தரையிலிருந்து ஒரு முழ உயரம் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். இவர் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். குடைந்தார்கள், குடைந்தார்கள், சந்திக்கவே இல்லை. "டேய், எங்கடா இருக்கே?" "இங்கதாண்ணா, தட்டறேன் பாரு." தட்டினால் சத்தம் மேலேயிருந்து வருகிறது. தம்பி தன் பக்கத்துத் தரைக்குப் புதுக் கல் பதித்து உயர்த்தியிருந்ததை இரண்டு பேருமே மறந்துபோயிருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்த அப்பா சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. வேறு ஒரு துளை போட்டுக் கம்பியை நுழைத்தார்கள். வீணாய்ப்போன துளையை அண்ணன் பிளாஸ்டர் மாவு குழைத்து அடைத்தார். "சுவருக்கும் சொத்தை அடைச்சுட்டியாடா" என்று கேட்டார் அப்பா.

இரண்டு கணினிக்கும் ஆளுக்கொரு பெயர் வைக்க வேண்டும் என்றார் கடைக்காரர். பல்செட்காரர் யோசிக்கவே இல்லை. இது மேல்தாடை, அது கீழ்தாடை. "ரெண்டும் சேர்ந்தாத்தானே மெல்ல முடியும்?" என்றார். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டச்சு செய்தார்.

அடடா, அந்த நாட்கள். இணைப்பு வருவதற்குள் தொலைபேசி ஒரு பாடு ஊளையிடும். அது ஊளையிடும்போது இரண்டு வீட்டிலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு புகைப்படம் திறக்க வேண்டுமென்றால் உச்சந்தலையிலிருந்து வரி வரியாக இறங்கிவரும். மூக்கு வருவதற்குள் போய் டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து அயல்நாட்டு மலை ஒன்றைக் காட்டினார்கள். வானம் மட்டும் இறங்கியிருந்தது. "நல்லாத்தான் இருக்கு, மலை எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார். நடுவில் தொலைபேசிக்கு யாராவது அழைத்தால் எல்லாம் அறுந்துபோகும். அந்த வருடங்களில் அழைத்த உறவினர்கள் எல்லோருமே கொஞ்சம் திட்டு வாங்கியவர்கள்தான்.

அறுந்தால் சுவர் வழியாகவே பேச்சு நடக்கும்.

"டேய், வந்துச்சா?"

"இல்லண்ணா, சுத்திக்கிட்டே இருக்கு."

"இப்போ?"

"கொஞ்சம் இரு... ஆங், வந்துடுச்சு, வந்துடுச்சு."

பிள்ளைகள் இரண்டும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஒரே கார்ப் பந்தயத்தை விளையாடுவார்கள். ஓட்டுநர் பள்ளிக்காரர் மகன், அதனால் அவன்தான் ஜெயிப்பான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் இவர் மகள் மேல்தாடையை அணைத்துவிடுவாள். அவ்வளவுதான், அந்தப் பக்கம் பந்தயமும் போச்சு, வெற்றியும் போச்சு. "பெரியப்பா, பாருங்க பெரியப்பா" என்று துளை வழியாகப் புகார் வரும். இவர், மகள் காதைத் திருகுவதுபோல் பாவனை செய்துவிட்டு, "திருகிட்டேன்டா" என்று துளைக்குள் சொல்வார். பிள்ளைகளின் பரீட்சை முடிவு வந்த அன்று இரண்டு குடும்பமும் இந்த முன்னறைக்குள் ஒண்டிக்கொண்டு, பல்லுக்கும் தாடைக்கும் நடுவே நின்று திரையைப் பார்த்தது. அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ ஒரு பல்செட்டை மிதித்து உடைத்துவிட்டார்கள். அவர் கோபிக்கவே இல்லை.

பிறகு அப்பா போனார். அதோடு போனது இந்தச் சிரிப்பும்.

அப்பாவின் கட்டில் தம்பி பக்கத்தில் இருந்தது. காற்று அங்கேதான் நன்றாக வரும். அவருக்குப் பல்செட் செய்தவர் அண்ணன்தான். இத்தனை வருடத் தொழிலில் மனசு நிறைந்த ஒரே வேலை அது என்பார். பழைய புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பாவின் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறியிருந்ததைக்கூட அப்படியே ஏற்றிவைத்திருந்தார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். படுக்கும் முன் கழற்றிப் போட்ட பல்செட் தம்ளர் தண்ணீரில் அப்படியே கிடந்தது. தம்பிக்கு அந்தப் பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை, யாருக்குத்தான் வரும்? வெளியூர் மருத்துவமனைக்கு வேலை விஷயமாகப் போயிருந்த அண்ணன் அலறியடித்து வந்து சேர்ந்தபோது, அப்பாவின் வாய் உள்ளே குழிந்து முகம் வேறு யாருடையதோபோல் ஆகியிருந்தது. அதற்குள் உடம்பு விறைத்துவிட்டது. இனி அந்த வாயைத் திறக்க வழியில்லை. ஊர் உலகமெல்லாம் வந்து கடைசியாகப் பார்த்துவிட்டுப் போன முகம் அதுதான்.

"பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா? ஒரு பல்லை எடுத்து மாட்டத் தெரியலயா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். வீடு நிறைய ஆட்கள். எல்லோருக்கும் காதில் விழுந்தது.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று தெரியாமலா சொல்லிவைத்தார்கள். தம்பி பதில் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. ஊருக்கெல்லாம் வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லித்தருகிற மனிதர், தான் மட்டும் ஓர் அங்குலம் பின்னால் எடுக்கவில்லை. அண்ணனும், "நான் பெரியவன், நானா போய் நிக்கறது" என்று இருந்துவிட்டார். உள்ளுக்குள் இரண்டு பேரும் வெந்தார்கள். வெளியே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். மகள் கல்யாணத்தன்று தம்பி குடும்பத்தோடு மண்டபத்துக்கு வந்தார், சாப்பிட்டார், பிள்ளைகளை வாழ்த்தினார். அண்ணன் இருந்த பக்கம் திரும்பவில்லை. பெண்கள் இருவரும் மட்டும் எதையும் நிறுத்தவில்லை. கொல்லையில் துணி காயப்போடும் நேரத்தில் மதிலுக்கு இப்புறமும் அப்புறமும் நின்று ஓரகத்திகள் இரண்டு பேரும் பேசுகிற பேச்சுக்கு எந்த இணைப்பும் ஈடில்லை.

துக்கம் முடிந்து கொஞ்ச நாளில் ஒருமுறை இணைப்பு அறுந்தது. பல்செட்காரர் சுவரைப் பார்த்தார். "வந்துச்சா" என்று கேட்க வாய் வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் "வரலண்ணா" என்று குரல் இல்லை. ரொம்ப நேரம் கழித்து, டொக், டொக். சுவரில் இரண்டு தட்டு. இவர் எழுந்து கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார். விசிறி சுற்றியது. தட்டல் நின்றது. அன்றிலிருந்து அதுவே ஏற்பாடு. அறுந்தால் அவர் தட்டுவார், இவர் போடுவார். தட்டலுக்காக இவர் காத்திருப்பதுண்டு என்பதை வெளியே சொல்ல வெட்கப்படுவார். மழைக்காலத்தில் இணைப்பு அடிக்கடி அறும். அந்த மாதங்களில் மனிதர் கொஞ்சம் கலகலப்பாகவே இருப்பார்.

ஊளையிடும் இணைப்பு போய் வேகமான இணைப்பு வந்தது. கணினியின் வயிற்றிலுள்ள சாமான்கள் பலமுறை மாறின. மின்வெட்டில் அணையக் கூடாதென்று பெரிய பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டார். "மழை நாள்ல அச்சு ஈரமாவே இருக்குது" என்று அதற்கும் அச்சின் தலையில்தான் பழி. வெளியூர் போனாலும் அதை ஓடவிட்டுத்தான் பூட்டுவார். உலகமே கைக்குள் போனை வைத்துக்கொண்டு கம்பியை மறந்த பிறகும் சாம்பல் நிறக் கம்பி அந்தத் துளையில் கிடந்தது. பாகப் பிரிவினையில் அடுப்பங்கரை பிரிந்தது, வாசல் பிரிந்தது, அப்பாவின் மர அலமாரிகூட ஆளுக்கொரு பக்கம் போனது. பிரிக்காமல் விட்டது இது ஒன்றுதான். இதுவும் போனால் தம்பிக்கும் தனக்கும் நடுவே சுவர் மட்டும்தான் மிச்சம் என்று அவருக்குத் தெரியும்.

தொலைதூர நகரத்தில் இருக்கும் மகள், அப்பா இன்னும் அந்தக் காலத்துப் பெட்டியோடு மாரடிக்கிறாரே என்று பரிதாபப்பட்டு, அங்கிருந்தபடியே புது இணைப்புக்குச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் காலையில் கனெக்‌ஷன்காரர் ஏணியோடு வந்து நின்றார். கனத்த உடம்பு, முழங்கால் வலி, ஓயாத வாய். பழைய இணைப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டே தன் முழங்காலின் வரலாற்றைச் சொன்னார். பல்செட்காரர் ரப்பர்க் கிண்ணத்தில் மாவு குழைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தக் கம்பி எங்க சார் போகுது?"

"பக்கத்து வீட்டுக்கு."

"பின்தெரு டிரைவிங் ஸ்கூல் வீட்டுக்கா? அவருக்குத் தனியா லைன் இருக்கே சார். நான்தான் போட்டேன். அது ஆச்சு, ரொம்ப நாளு."

குழைத்த கை நின்றுவிட்டது.

"அவரு உங்ககிட்டேர்ந்து எடுக்க என்ன அவசியம்? நல்ல ஸ்பீடு சார் அவருது" என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் கம்பியைச் சொடக்கென்று பிடுங்கித் தரையில் போட்டார்.

"புதுசுல அதை மாட்ட முடியாதா?"

"முடியும். பின்னாடி ஓட்டை இருக்கு. ஆனா எதுக்கு சார்?"

பல்செட்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கனெக்‌ஷன்காரர் பச்சை விளக்குகள் சிமிட்டும் புதுப்பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். கிண்ணத்தில் மாவு கல்லாக இறுகியிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டார்.

"எது? அவங்களுக்குத் தனி லைன் இருக்கறதா? தெரியுமே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அன்னிக்கே பிடுங்கிப் போட்டிருப்பீங்க. உங்க ரோஷம் எனக்குத் தெரியாதா?"

"அப்போ எதுக்கு இத்தனை நாளா சுவத்தைத் தட்டினான்? என்னை வேலைக்காரன்னு நெனச்சானா?"

அந்தம்மா கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஓரகத்தி மதிலோரம் சொன்னதை அப்படியே சொன்னார். "காலையில எழுந்ததும் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போடுவாராம். மூலையில ரெண்டு குட்டிக் கம்ப்யூட்டர் படம் வருமாம். வந்தா, 'அண்ணன் எழுந்துட்டார்'னு சொல்லிட்டு அணைச்சுட்டு வேலைக்குக் கிளம்புவாராம். சாயங்காலம் வந்து இன்னொரு தடவை பாப்பாராம். அதுல செவப்பா குறுக்குக் கோடு விழுந்துச்சுன்னா, இருப்புக்கொள்ளாம தட்டுவாராம். அவ்வளவுதான். வேற எதுக்கும் அந்தக் கம்ப்யூட்டர் அவங்களுக்கு வேணாம்."

பல்செட்காரருக்குப் போன குளிர்காலத்தில் காய்ச்சலில் சுருண்டு கிடந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று கணினியைப் போடவில்லை. சுவரில் வழக்கமான இரண்டு தட்டு விழுந்தது. பிறகு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. "என்ன அவசரம் இவனுக்கு, கொஞ்சம் பொறுத்தா குடிமுழுகிடுமா" என்று படுக்கையிலிருந்தே வைதிருந்தார். வீட்டுக்காரம்மா போய்ப் பொத்தானை அழுத்திய பிறகுதான் அது நின்றது.

"அப்படின்னா மாட்டிடுங்க கம்பியை" என்றார் அந்தம்மா.

மாட்டியிருக்கலாம். குனிந்தால் கைக்கெட்டுகிற தூரம்தான். ஆனால் பாழாய்ப்போன ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. "தட்டட்டும், மாட்டறேன்" என்றார்.

தட்டல் வரவில்லை. வேலையில் உட்கார்ந்தார், கை வேலையில் இருந்தது, காது சுவரில் இருந்தது. கோரைப்பல் ஒன்றை இடம் மாற்றி வைத்துவிட்டு அதைக் கவனிக்காமலே ஈறு கட்டினார். பிறகு பார்த்துவிட்டு எல்லாவற்றையும் உருக்கினார். அவர் தொழிலில் அது கற்றுக்குட்டிகூடச் செய்யாத தவறு. சாப்பிடக் கூப்பிட்டதற்கு வந்து உட்கார்ந்தார், பாதியில் எழுந்துவிட்டார். வாசலில் ஏணி சாய்த்திருந்ததைத் தம்பி பார்த்திருப்பான், பார்க்காமல் இருக்க வழியில்லை. காரில் ஆள் பழக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் போவான். அண்ணன் வேண்டுமென்றே அறுத்துவிட்டான் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும் என்று ஒரு நிமிடம் வீம்பு வரும். மறுநிமிடமே எழுந்துபோய்ச் சுவரில் காது வைப்பார். ரோஷமெல்லாம் வெயில் தாழத் தாழ வடிந்து, கடைசியில் பயம் மட்டும் மிஞ்சியது.

"போய்த்தான் பாருங்களேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

"நானா?"

"பின்ன நானா? நான் தினம்தான் போறேன்."

அவர் குனிந்து கம்பியின் நுனியை எடுத்தார். அதிலிருந்த மாவுத் தூசியை ஊதினார். புதுப்பெட்டியைத் திருப்பி ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தார்.

தம்பி நின்றிருந்தார். பள்ளியின் பெயர் போட்ட சட்டை. தலைமுடி முக்கால்வாசி வெளுத்திருந்தது. அப்பா போன பிறகு இந்தப் பக்கத்து வாசலுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணனைப் பார்க்காமல் நிலைச்சட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நெட் வரல."

மேசைமேல் புதுப்பெட்டி பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. இவர் கையில் பிடுங்கிய கம்பி. அவர் சட்டைப்பையில் நல்ல வேகமுள்ள சொந்த இணைப்போடு ஒரு போன்.

"ஆமாடா, காலையிலேர்ந்தே தகராறு" என்றார் அண்ணன்.

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது.

எவரைக் கண்டாலும் பல்செட்காரரின் கண் முதலில் வாய்க்குத்தான் போகும், தொழில் அப்படி. தம்பி அந்த இரண்டு சொல்லைச் சொன்னபோதே பார்த்துவிட்டார். மேல்வரிசையில் முன்பற்கள் இல்லை.

"எங்கடா பல்லு?"

"அதுவா, அது ஆச்சு ரொம்ப நாள். வண்டி பழகறவரு ஒருத்தரு திடீர்னு பிரேக்கை மிதிச்சுட்டாரு. முன்னாடி போய் இடிச்சுக்கிட்டேன்."

"யார்கிட்டயும் காட்டலயா?"

"காட்டல."

"ஏன்டா, ஊர்ல என்னை விட்டா ஆளே இல்லயா? எத்தனை பேரு பல்லு கட்டறாங்க."

தம்பி நிலைச்சட்டத்தை நகத்தால் சுரண்டினார். "நீதான் கட்டணும்னு விட்டுட்டேன்" என்றார்.

பல்செட்காரர் கம்பியைக் கீழே வைத்தார். நாற்காலியில் குவிந்துகிடந்த தாடை அச்சுகளை இரண்டு கையாலும் வாரி ஓரமாக வைத்தார். தம்பி வந்து உட்கார்ந்ததும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். கட்டைவிரலைத் தம்பியின் மோவாய்க்கு அடியில் கொடுத்து, முகத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் மெல்லத் திருப்பினார்.

"வாயைத் திற" என்றார்.